மூன்றாவது கையொப்பம்

சாரங்கி இன்னும் படித்து முடிக்கவில்லையா என்று இனி யாராவது என்னிடம் கேட்டால், என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே தெரியாது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் மட்டும் நான்கு பேர் கேட்டார்கள். ஒருவர் கையில் வடையோடு வந்து கேட்டார். "எங்கட சண்முகலிங்கத்தின்ர மூத்தது, முப்பத்தேழு வயசாகுது, இன்னும் படிக்குதாமே? பிள்ளைக்கு மண்டையில ஏறேல்லையோ?" அவருடைய மகன் ஒரு கம்பனி தொடங்கி, அதை மூடி, இப்போது இன்னொன்று தொடங்கியிருக்கிறான். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டேனா?

ஆகவே ஒரே தடவையில் முழுவதையும் எழுதிவிடுகிறேன். நான் தவமலர். இருபத்திரண்டு வருடமாக ஒப்பரேஷன் தியேட்டரில் தாதி. சாரங்கி வேலை செய்வதும் அதே ஆஸ்பத்திரி, அதே குடல் சத்திரசிகிச்சைப் பிரிவு. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். டென்மார்க்கில், யூலாந்துப் பக்கம் இருக்கிறது, நாங்கள் இருக்கிற ஹோர்சன்ஸிலிருந்து ரயிலில் போகலாம், அவ்வளவு போதும். சாரங்கியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எல்லாற்ற பேரையும் மாத்துங்கோ அக்கா, என்ர பேரை மட்டும் அப்பிடியே விடுங்கோ" என்றாள். அப்படியே செய்திருக்கிறேன்.

அவள் ஹோர்சன்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா சண்முகலிங்கம் ஒரு பொருட்கிடங்கில் முப்பது வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். அவளுக்கு மருத்துவபீடம் கிடைத்தபோது எங்கள் ஆட்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைக்கே கிடைத்ததுபோலத் துள்ளினார்கள். சத்திரசிகிச்சைதான் செய்யப்போகிறேன் என்று அவள் சொன்ன பிறகு முகங்கள் சுருங்கின. "கண் டொக்டர், தோல் டொக்டர் எண்டு வடிவான படிப்பெல்லாம் இருக்கேக்க, பொம்பிளைப்பிள்ளைக்கு ஏன் இந்த வெட்டுக்கொத்து?" என்று கேட்காத ஆள் இல்லை. மூன்றாம் வருடத்தில் முதல் முறை ஒரு ஒப்பரேஷனைப் பார்த்துவிட்டு அப்பாவுக்கு போன் எடுத்தாளாம். "அப்பா, வயித்துக்குள்ள எவ்வளவு வடிவு தெரியுமோ?" சண்முகலிங்கம் அண்ணை சொன்ன பதில், "சாப்பிடேக்க கதைக்காத பிள்ளை."

நாங்கள் இருவரும் காலையில் ஒரே ரயிலில் போவோம். ஆறு மணி ரயில். அவள் பாணைக் கடித்துக்கொண்டே அன்றைக்குச் செய்யவேண்டிய ஒப்பரேஷனை எனக்கு வாயால் செய்து காட்டுவாள். எதிரே இருக்கிறவர்கள் இருக்கையை மாற்றிக்கொண்டு எழும்பிப் போயிருக்கிறார்கள். நான் நிறைய டொக்டர்மாரைப் பார்த்தவள். கை பேசுகிறதா வாய் பேசுகிறதா என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். இவளுக்குக் கை பேசும்.

டென்மார்க்கில் ஆண் பெண் வித்தியாசம் கிடையாது என்று எனக்கு அடிக்கடி சொல்லித்தருவார்கள். சொல்லித்தருகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். எங்கள் பிரிவின் தலைமை நிபுணர் ப்ரெபென்கூட அப்படித்தான். அறுபது வயது, சைக்கிளில் வேலைக்கு வருவார், துப்புரவு செய்கிற பெண்ணுக்கும் பெயர் சொல்லிக் காலை வணக்கம் சொல்வார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லமாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை பிடிப்பது எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்!

ஒப்பரேஷன் மேசையின் உயரத்தை ஜோனாஸுக்கு அளவாக வைப்பார்கள். ஜோனாஸ் சாரங்கியோடு ஒரே வருடத்தில் பயிற்சிக்கு வந்தவன், ஆறடி நாலு அங்குலம். சாரங்கி ஐந்தடி ஒரு அங்குலம். மேசையை இறக்க ஒரு பொத்தானை அமத்தினால் போதும். ஆனால் அவளை ஒரு பலகையில் ஏற்றிவிட்டு, "எங்கள் குட்டிச் சாரங்கி மாடிக்குப் போகிறாள்" என்று சிரிப்பார்கள். அவள் கைக்கு ஐந்தரை அளவுக் கையுறை வேண்டும். அது எப்போது பார்த்தாலும் முடிந்திருக்கும், அதனால் ஒரு பெட்டியைத் தன் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறாள். குடலை இணைக்கிற இயந்திரத்தின் பிடி ஆண் கைக்குச் செய்தது, அதை அவள் இரண்டு கையாலும் அமத்தவேண்டும். "கை பலம் போதாதோ?" என்று ஒருமுறை ப்ரெபென் அன்பாகக் கேட்டார். அந்தப் பிடியைச் செய்தவனைப் போய்க் கேளுங்களேன் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

நோயாளிகள் வேறு. இருபது நிமிடம் படம் கீறி விளங்கப்படுத்துவாள். கேட்டுவிட்டு, "நன்றி, டொக்டர் எப்போது வருவார்?" என்பார்கள்.

என்னை நான் நல்லவளாகக் காட்டவில்லை. நாங்கள் தாதிமாரும் சும்மா இல்லை. ஜோனாஸ் கையை நீட்டுமுன் கத்திரிக்கோல் அவன் கையில் இருக்கும். பெண் டொக்டர் கேட்டால், "ஒரு நிமிடம்" என்போம். ஜோனாஸ் கழற்றி எறிந்த மேலங்கியைப் பொறுக்குவோம். சாரங்கி எறிந்தால், "இங்கே வேலைக்காரி இல்லை" என்று அவள் காதில் விழச் சொல்வோம். நான் சொல்லியிருக்கிறேன். என் சொந்த வாயால், எங்கள் பிள்ளைக்கு. இப்போது நினைத்தாலும் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

அவளுக்கு மகள் பிறந்தது. பத்து மாதம் லீவில் நின்றாள். அடுத்த வருடம் ஜோனாஸுக்கும் மகன் பிறந்து, அப்பாமாருக்கென்று சட்டம் ஒதுக்கியிருக்கிற பதினொரு வார லீவை எடுத்தான். அவன் திரும்பி வந்த அன்று கோப்பி அறையில் கேக் இருந்தது. நல்ல அப்பா என்று கை தட்டினார்கள். விட்டுப்போனதைப் பிடிக்கட்டும் என்று மேலதிகமாக ஒப்பரேஷன் நாட்களும் கொடுத்தார்கள். சாரங்கி திரும்பி வந்த அன்று கேக் இல்லை. "உனக்குச் சின்னக் குழந்தை, மெதுவாகப் போ" என்று வார்டுக்கும் கிளினிக்குக்கும் அனுப்பினார்கள். மெதுவாகப் போக விடு என்று அவள் எப்போது கேட்டாள்? கணவன் துவாரகன் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன், குழந்தையை நர்சரியில் விடுவதும் கூட்டிவருவதும் அவன்தான். அதைச் சொன்னாள். "ஓ, எவ்வளவு நல்ல கணவன்!" என்றார்கள். பாராட்டு அவனுக்குப் போனது, ஒப்பரேஷன் ஜோனாஸுக்குப் போனது.

இதெல்லாம் சேர்ந்து எங்கே வந்து முட்டியது என்று சொல்கிறேன். நிபுணராக வெளியே வருவதற்கு, குடல் புற்றுநோய் ஒப்பரேஷன்களில் ஒரு தொகையைத் தானே முன்னின்று செய்திருக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் தலைமை நிபுணர் கையொப்பம் வைக்கவேண்டும். இந்த வருடம் ஏப்ரலில் ஜோனாஸுக்கு எல்லாம் முடிந்து மிச்சமும் இருந்தது. சாரங்கிக்கு மூன்று குறைவு. ஜூன் முப்பதுக்குள் அந்த மூன்றும் வந்தால், எங்கள் பிரிவில் காலியாகியிருந்த ஒரே ஒரு நிரந்தர இடத்துக்கு அவளும் விண்ணப்பிக்கலாம். வராவிட்டால் பயிற்சி இன்னும் ஆறு மாதம் நீளும், இடம் ஜோனாஸுக்குப் போகும். மே மாதத்தில் ஒன்று கிடைத்தது. ஜூன் தொடக்கத்தில் இன்னொன்று. மூன்றாவதுக்கு ஜூன் பதினெட்டாம் திகதி, ஒரு வியாழக்கிழமை. நோயாளியின் பெயரைப் பார்த்துவிட்டு ரயிலில் எனக்குச் சிரித்துச் சொன்னாள். "அக்கா, கடைசியா எங்கட ஆள் ஒருத்தர்தான் என்னைக் கரை சேர்க்கப்போறார்."

அவர் மகேந்திரராசா. அறுபத்தாறு வயது, சண்முகலிங்கம் அண்ணையின் கூட்டாளி, ஹோர்சன்ஸில் இரண்டு தெரு தள்ளி வீடு. செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் சாரங்கியே அவருக்கும் மனைவி பரமேஸ்வரி அக்காவுக்கும் தமிழில் எல்லாம் சொன்னாள். குடலில் ஒரு துண்டை வெட்டி எடுக்கவேண்டும், மிச்சத்தை இணைக்கவேண்டும், ஆபத்து இன்னின்னது. "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போனாராம். நம்மவர்கள் ஓம் என்றால் விளங்கியது என்று அர்த்தமில்லை, கதையை முடி என்று அர்த்தம். இது சாரங்கிக்குத் தெரியாது. டென்மார்க்கில் பிறந்தவள், ஓம் என்றால் ஓம் என்று எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை ஏழேகாலுக்கு நோயாளியின் பெயர், பிறந்த திகதி எல்லாம் சரிபார்க்கப் போனேன். அன்று அந்த தியேட்டருக்கு நான்தான் பொறுப்பு. மகேந்திரராசா அண்ணை ஆஸ்பத்திரிச் சட்டையோடு கட்டிலில் இருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, ஒரு உதவி செய்யவேணும். அந்தப் பிள்ளை வேண்டாம்."

"எந்தப் பிள்ளை?"

"சாரங்கி. வேற ஆரெண்டாலும் எனக்குப் பரவாயில்ல. வெள்ளைக்காரப் பொம்பிளை எண்டாலும் சரி. சண்முகலிங்கத்தின்ர பிள்ளைக்கு முன்னால நான் எப்பிடித் துணி இல்லாமக் கிடக்கிறது? பிறகு அவன்ர வீட்டுக்குப் போய் எப்பிடித் தேத்தண்ணி குடிக்கிறது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பத்திக்கொண்டும் வந்தது. இதே பிள்ளை பெரியவளானபோது மண்டபம் எடுத்து, இருநூறு பேருக்குச் சாப்பாடு போட்டு, ஊருக்கே சொன்னார்கள். அன்று வீடியோக் கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தவர் இந்த மகேந்திரராசா அண்ணைதான். அப்போது அவளுக்கு வெட்கமா இல்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்றைக்கு இவருக்கு வெட்கமாம்!

"அண்ணை, உங்களைப் பச்சைத் துணியால மூடித்தான் படுக்க வைப்பம். வயிறு மட்டும்தான் தெரியும். அவளுக்கு அது ஆயிரம் வயித்தோட இன்னொரு வயிறு" என்றேன். அவர் என் கையை விட்டார். பாதி சமாதானமாகிவிட்டார், இன்னும் ஐந்து நிமிடம் கதைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அந்த ஐந்து நிமிடத்தை நான் கதைக்கவில்லை. ஏழே முக்காலுக்குத் தியேட்டர் ஆட்கள் கூடுகிற நேரம், ஓடினேன். எங்கள் வழக்கப்படி ஒவ்வொருவரும் நோயாளியைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லவேண்டும். என் முறை வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இல்லை, வேடிக்கை சொல்லப்போனேன். "நோயாளிக்குச் சாரங்கியைப் பார்க்க வெட்கம், அவள் கூட்டாளியின் மகள். நான் கதைத்துச் சரிப்படுத்துகிறேன்" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ப்ரெபென் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு பெரிய கருணை வந்து உட்கார்ந்தது.

"அவர்களுடைய கலாசாரத்தை நாங்கள் மதிக்கவேண்டும்" என்றார்.

"கலாசாரம் இல்லை ப்ரெபென், கூச்சம். அவருக்கு வேறு எந்தப் பெண் என்றாலும் சரி. ஐந்து நிமிடம் தா, நான் போய்க் கதைக்கிறேன்."

"நோயாளியை வற்புறுத்தக்கூடாது தவமலர். ஜோனாஸ், இதை நீ எடு."

சாரங்கி எழும்பினாள். "செவ்வாய்க்கிழமை அவர் என்னிடம் சம்மதம் சொன்னார். நானே போய்க் கேட்கிறேன். இது என் மூன்றாவது, உனக்குத் தெரியும்."

"தெரியும். ஆனால் நோயாளிதான் முதலில், இல்லையா? உனக்கு இன்னொன்று கிடைக்கும்." பிறகு குரலை இன்னும் மென்மையாக்கி, "நீ அவரோடு நின்று, தூங்கும் வரை மொழிபெயர்த்துவிடு. அவருக்குத் தைரியமாக இருக்கும்" என்றார்.

நோயாளிதான் முதலில் என்று ஒருவர் சொன்ன பிறகு, எந்த டொக்டர் எதிர்த்துப் பேசுவாள்? ஜூன் முப்பதுக்கு முன் வேறு குடல் ஒப்பரேஷன் அவள் பெயரில் இல்லை என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். போன வருடம் ஒரு டேனிஷ் முதியவர் பெண் டொக்டர் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தபோது, இதே ப்ரெபென், "இங்கே அப்படித் தெரிவு செய்ய முடியாது" என்று சொல்லி அனுப்பியவர். அந்த முதியவருக்குக் கலாசாரம் இல்லைப்போலும். ஜோனாஸ் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் போனாள். மகேந்திரராசா அண்ணையின் தலைமாட்டில் நின்று, மயக்க மருந்து கொடுக்கிறவர் சொன்னதையெல்லாம் தமிழில் சொன்னாள். அண்ணை அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். "பயமாக் கிடக்கு பிள்ளை." "பயப்பிடாதேங்கோ மாமா, நான் நிக்கிறன். பத்திலயிருந்து பின்னுக்கு எண்ணுங்கோ." ஏழில் தூங்கிவிட்டார். அவள் கையை மெதுவாக எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜோனாஸ் மோசமான சத்திரசிகிச்சையாளன் இல்லை. வயிற்றைத் திறக்காமல், சின்னத் துளைகள் வழியாகத் துண்டைச் சரியாக வெட்டி எடுத்தான், இயந்திரத்தால் இணைத்தான். இணைத்த பிறகு ஒரு சோதனை உண்டு. வயிற்றுக்குள் தண்ணீர் விட்டு, குடலுக்குள் காற்றை ஊதிப் பார்ப்போம். குமிழி வந்தால் இணைப்பில் ஓட்டை. குமிழி வந்தது. வெளியே இரண்டு தையல் போட்டுத் திரும்ப ஊதினான். திரும்பவும் வந்தது. ப்ரெபென் பக்கத்து தியேட்டரில் இன்னொருவரின் வயிற்றுக்குள் இருந்தார், வர முடியாது என்று சொல்லி அனுப்பினார். ஜோனாஸின் நெற்றி வியர்வையை நான் மூன்று தடவை துடைத்தேன். கடைசியில் அவனே சொன்னான், "சாரங்கியைக் கூப்பிடு."

பதினொன்று நாற்பதுக்குக் கை கழுவி உள்ளே வந்தாள். நான் ஒருவரும் சொல்லாமலே மேசையைக் கீழே இறக்கினேன். ஜோனாஸ் முழங்காலை மடித்து நின்றான், நிற்கட்டும். அவள் பார்த்தாள், இரண்டு கேள்வி கேட்டாள், வயிற்றைத் திறந்தாள். இயந்திரம் போட்ட இணைப்பை முழுதாக எடுத்துவிட்டு, இடுப்பெலும்புக்குள் அவ்வளவு ஆழத்தில், தன் கையால் ஒவ்வொரு தையலாகப் போட்டு இணைத்தாள். ஆண் கை உள்ளே போனால் வெளிச்சம் மறையும் இடம் அது. ஒன்றரை மணி நேரம். ஜோனாஸ் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். திரும்பத் தண்ணீர் விட்டு ஊதினோம். ஒரு குமிழி இல்லை. எனக்கு அழுகை வந்தது, முகமூடி இருந்தபடியால் ஒருவருக்கும் தெரியவில்லை.

யார், எத்தனை மணிக்கு, என்ன செய்தார்கள் என்று கொம்பியூட்டரில் பதிவது தியேட்டர்த் தாதியின் வேலை. பதினொன்று நாற்பது முதல் பிரதான சத்திரசிகிச்சையாளர் சாரங்கி என்று பதிந்தேன். இரண்டு மணிக்கு ப்ரெபென் வந்து திரையைப் பார்த்தார். "இது ஜோனாஸின் ஒப்பரேஷன். அவள் உதவிக்கு வந்தாள். மாற்றிவிடு" என்றார்.

"நடந்ததைத்தான் எழுதினேன். மாற்ற மாட்டேன்."

"தவமலர், ஒரு ஒப்பரேஷனுக்கு ஒரு பிரதான ஆள்தான். நோயாளி அவளை வேண்டாம் என்று சொன்ன பிறகு, அவள் பெயரைப் போட்டால் பிரச்சினை யாருக்கு? அவளுக்குத்தான்." என் பக்கத்தில் குனிந்து, தன் கடவுச்சொல்லைப் போட்டு, தானே மாற்றினார். பத்து வினாடி எடுத்தது. "நல்ல வேலை செய்தீர்கள் எல்லோரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சாரங்கி கேட்டபோதும் இதையேதான் சொன்னாராம். உதவியாள் என்று பதிந்ததற்குக் கையொப்பம் வைக்க முடியாதாம். ஜோனாஸிடம் கேட்டாள். "நீதான் செய்தாய், எனக்குத் தெரியும். ஆனால் இப்போது நான் என்ன சொல்வது? அந்த இடத்துக்கு நானும் விண்ணப்பித்திருக்கிறேன்" என்றானாம். உண்மை சொன்னதற்கு அவனுக்கு ஒரு கேக் கொடுத்திருக்கலாம்.

அன்று திரும்புகிற ரயிலில் நான் மன்னிப்புக் கேட்டேன். "என்ர வாயாலதான் எல்லாம் வந்தது."

"நீங்கள் சொல்லாட்டி வேற ஒண்டைப் பிடிச்சிருப்பினம் அக்கா" என்றாள். "எனக்குக் கத்தவேணும் போல இருக்கு. கத்தினா, அவளுக்கு நரம்புத் தளர்ச்சி எண்டு எழுதுவினம்."

எனக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. இந்த நாட்டில் ஒருவர் தன் மருத்துவப் பதிவை வீட்டிலிருந்தே வாசிக்கலாம். பிழை இருந்தால் குறிப்பிடச் சொல்லிக் கேட்கலாம். எங்களை ப்ரெபென் அமத்தலாம், நோயாளி கேட்டால் அமத்த முடியாது. என்னை வெட்டித் தைத்தது யார், சரியாக எழுதுங்கள் என்று மகேந்திரராசா அண்ணை ஒரு வரி கேட்டால் போதும். ஜூன் இருபத்தொன்பது, திங்கட்கிழமை, அவர் கிளினிக்குக்கு வருகிற நாள். கையில் இன்னும் ஒரு நாள் இருந்தது. என் சாப்பாட்டு நேரத்தில் மேலே போனேன்.

ஜோனாஸின் அறை. சாரங்கியை மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். பரமேஸ்வரி அக்கா ஒரு பெரிய தகரப் பிஸ்கற் ரின்னை மடியில் வைத்திருந்தார், அதற்குள் முறுக்கும் பயத்தம்பணியாரமும். மகேந்திரராசா அண்ணை எழும்பி நின்று ஜோனாஸின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றினார்.

"சொல்லு பிள்ளை, இந்தக் கையாலதான் நான் இண்டைக்கு உயிரோட நிக்கிறன் எண்டு. கடவுளுக்கு அடுத்தது அவர்தான் எண்டு சொல்லு."

சாரங்கி சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. இந்தக் கையால்தான், கடவுளுக்கு அடுத்தது, எல்லாவற்றையும் தெளிவான டேனிஷில் சொன்னாள். ஜோனாஸின் முகம் கழுத்துவரை சிவந்தது. ரின்னை வாங்கிக்கொண்டான். "பரவாயில்லை, சந்தோசம்" என்றான். அதையும் அவள் தமிழாக்கினாள். அவனுடைய போன் அடித்தது. அவசரம் என்று ரின்னோடு வெளியே போய்விட்டான்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கதவைச் சாத்தினேன்.

"அண்ணை, நீங்கள் ஆள் மாறி நன்றி சொல்லுறியள். அவர் இணைச்சது ஒழுகினது. திரும்ப வெட்டி, ஒண்டரை மணித்தியாலம் கையால தைச்சு உங்களைக் காப்பாத்தினது இவள்."

"அக்கா, விடுங்கோ" என்றாள் சாரங்கி.

"நான் விடமாட்டன். அண்ணை, பதிவில பொய் எழுதிக் கிடக்கு. அந்தப் பொய்யால இவளுக்கு வரவேண்டிய கையொப்பம் வரேல்ல. நாளைக்குத்தான் கடைசி நாள். ஆர் செய்தது எண்டு சரியா எழுதச் சொல்லி நீங்கள் ஒரு வரி கேட்டாப் போதும். இப்பவே இந்த போனில நான் எழுதித் தாறன், நீங்கள் அனுப்பினாச் சரி."

மகேந்திரராசா அண்ணையின் கை முதலில் சேட்டுக்குத்தான் போனது. பொத்தான்களுக்கு மேல் கையை வைத்துப் பொத்திக்கொண்டார். சாரங்கியைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். பரமேஸ்வரி அக்கா நிலத்தைப் பார்த்தார்.

"பிள்ளை செய்ததோ..." என்றார். பிறகு என்னிடம் சொன்னார், "வேண்டாம் தங்கச்சி. எழுதினது எழுதினபடியே கிடக்கட்டும்."

"ஏன் அண்ணை? உங்கட உயிரல்லோ!"

"உயிர் சரி. நாளைக்குச் சண்முகலிங்கத்துக்குத் தெரியும், சனத்துக்குத் தெரியும். டொக்டர் ஜோனாஸ் எண்டே இருக்கட்டும். பிள்ளைக்கு வயசு கிடக்கு, பிறகும் எடுக்கலாம்தானே."

ப்ரெபென் சொன்ன அதே சொல். இன்னொன்று கிடைக்கும். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை, ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. எனக்கு அந்தப் போனைச் சுவரில் எறியவேண்டும் போலிருந்தது. நான் எதையோ சொல்ல வாயைத் திறந்தேன், சாரங்கி என் தோளைத் தொட்டு ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். கை கழுவினாள். அலமாரியிலிருந்து எடுத்து வந்திருந்த தன் ஐந்தரை அளவுக் கையுறையைப் போட்டாள்.

"சரி மாமா, உங்கட விருப்பம்" என்றாள். "இரண்டு நாளா அடிவயித்தில நோகுது எண்டு சொன்னனீங்கள். படுங்கோ, சேட்டைத் தூக்குங்கோ. பாக்கவேணும்."

அண்ணை கதவைப் பார்த்தார். "டொக்டர் ஜோனாஸ் வந்து பாக்கமாட்டாரோ?"

"அவர் வருவார்" என்றாள் சாரங்கி. "ஆனா உள்ளுக்கு எங்க எங்க தைச்சிருக்கு எண்டு அவருக்குத் தெரியாது."

மகேந்திரராசா அண்ணை கட்டிலில் படுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, சேட்டைத் தூக்கினார்.